தினமும் நடப்பவர்களுக்கு இன்னும் என்ன வேண்டும்: முதியோர் வகுப்புக் குறிப்புகள்

ஜனவரி 6

புதிய குழு. எல்லோரும் 65 வயதைத் தாண்டியவர்கள். "தினமும் நடக்கிறோமே, அது போதாதா?" என்பதுதான் முதல் கேள்வி. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட்டு வருகிறது என்றால் இன்னும் கொஞ்சம் எட்டிப்போட வேண்டும். நாடியை எண்ணச் சொல்வதில்லை; அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற ரத்த அழுத்த, இதய மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு எவ்வளவு வேகமாக நடந்தாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது.

உலக சுகாதார நிறுவனம் இந்த வயதினருக்குச் சொல்வது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி, 3 நாள் சமநிலையோடு சேர்ந்த பயிற்சி. முதலாவதைப் பலரும் செய்கிறார்கள். மற்ற இரண்டும் விட்டுப்போகின்றன.

ஜனவரி 8

நாற்காலிச் சோதனை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுகிறோம். 70 முதல் 74 வயதில் பெண்கள் 10-க்கும் ஆண்கள் 12-க்கும் கீழே இருந்தால் கால் வலு சராசரிக்கும் குறைவு. கை வைக்காத, சுமார் 43 செ.மீ. உயர நாற்காலி வேண்டும், அதன் முதுகு சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் பின்னால் நழுவிவிடும். எழ முடியாமல் திணறுபவர்களில் பலருக்குப் பாதம் முழங்காலுக்கு முன்னே நீண்டிருக்கும். பாதத்தை உள்ளே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்தால் எளிதாக எழலாம். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

ஜனவரி 13

நடை நேரத்தை ஏற்றும் திட்டம்: 10 நிமிடத்தில் தொடங்கி வாரம் 5 நிமிடம் கூட்டி 40 நிமிடம், வாரம் மூன்று நாள். அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து நடந்து 2011-இல் வெளியான ஆய்வின் முறை இது. ஓராண்டு நடந்தவர்களுக்கு, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2% வளர்ந்திருந்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுமார் 1.4% சுருங்கியிருந்தது.

மறுபக்கத்தையும் குழுவிடம் சொல்லிவிடுகிறோம். 70 முதல் 89 வயதுக்குட்பட்ட 1,635 பேரை இரண்டாண்டு பின்தொடர்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சிக் குழுவின் சிந்தனைத் திறன் ஒட்டுமொத்தத்தில் மற்றவர்களைவிடக் கூடவில்லை. ஆகவே மறதி நோயே வராது என்று யாருக்கும் வாக்குத் தருவதில்லை. காலுக்கும் இதயத்துக்கும் கிடைக்கும் பலனில் சந்தேகமில்லை. மூளைக்கும் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஜனவரி 22

இன்று கட்ட நடை. ஜப்பானில் உருவான பயிற்சி, நம் பாண்டி ஆட்டத்துக்குத் தூரத்து உறவு மாதிரி. ஒரு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம். அகலவாக்கில் 4, நீளவாக்கில் 10 என 25 செ.மீ. கட்டங்கள் நாற்பது. மொட்டைமாடியில் சாக்பீஸ் போதும். வீட்டுக்குள் டேப் ஒட்டினால் ஓரங்களை நன்றாக அழுத்திவிட வேண்டும், தூக்கிக்கொண்டு நிற்கும் ஓரம் காலைத் தட்டும்.

எளிய அமைப்பு ஒன்று. முதல் வரிசையில் இடது கால் 2-ஆம் கட்டம், வலது கால் 3-ஆம் கட்டம். அடுத்த வரிசையில் இடது 1, வலது 4. மூன்றாவதில் மறுபடி 2, 3. இப்படியே கடைசிவரை. குதிக்கக் கூடாது, ஒவ்வொரு காலாக நடக்க வேண்டும். கோட்டை மிதிக்கக் கூடாது, பக்கத்துக் கட்டத்துக்குப் போனாலும் தவறு. 196 அமைப்புகள் உண்டு. நான்கு முறை பிசகாமல் வந்தால் அடுத்ததுக்குப் போகிறோம்.

இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு: வரிசையில் வருகிறவர்கள் முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தே நடந்துவிடுகிறார்கள். கால் சரியாகத்தான் விழுகிறது, ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையே நடப்பதில்லை. அதனால் இரண்டு முறை செய்துகாட்டிவிட்டு, ஒருவர் கடந்து முடித்த பிறகே அடுத்தவரை விடுகிறோம். காத்திருப்பவர்கள் கட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். வேகம் உடனே குறையும். குறையட்டும், அந்தத் தயக்கத்தில்தான் யோசனை நடக்கிறது.

ஜனவரி 31

நடந்துகொண்டே 100-இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லும் பயிற்சி. கணக்கு பிடிக்காதவர்களுக்குக் காய்கறிப் பெயர்கள். பதில் சொல்ல ஒவ்வொரு தடவையும் நடையை நிறுத்துகிறவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்: இப்படி நிற்பவர்களுக்கு விழும் அபாயம் அதிகம் என்று 1997-லேயே ஸ்வீடனில் கவனித்திருக்கிறார்கள். அவர்கள் இதைத் தெருவில் செய்யவே கூடாது. சுவரோரமாக, பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்கும்போது செய்யலாம்.

பிப்ரவரி 7

நேற்றுவரை சரியாகச் செய்த அமைப்பில் இன்று திடீரென்று தடுமாறினால் உடனே மறதி என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் சர்க்கரையைப் பாருங்கள். கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் வந்திருக்கலாம்; பயிற்சிக்கு முன் 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அடுத்து ரத்த அழுத்தம். படுத்திருந்து எழுந்த மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினால் மருத்துவரிடம் மாத்திரைகளைப் பற்றிக் கேட்க வேண்டும். 180/110-ஐத் தாண்டியிருந்தால் எங்கள் வகுப்பில் அன்று பயிற்சி கிடையாது.

காதையும் பாருங்கள். சொன்னது கேட்காமலே தப்பாகக் கால் வைப்பவர்கள் உண்டு. கேட்கும் திறன் குறைவது மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய காரணங்களில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையமும் சொல்கிறது. கருவி இருந்தும் வீட்டில் வைத்துவிட்டு வருபவர்களை அடுத்த வகுப்புக்குக் கட்டாயம் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்.

பிப்ரவரி 12

காய்ச்சலால் ஒரு வாரத்துக்கு மேல் வராதவர்கள் விட்ட இடத்தில் தொடங்க வேண்டாம். நடையில் 10 நிமிடம் குறைத்து, கட்ட நடையில் முந்தைய அமைப்புக்குத் திரும்பி, நாற்காலிச் சோதனையை மறுபடி செய்துவிட்டு அங்கிருந்து ஏற்றலாம்.