லன்ர் 2-க்கு மாறியபோது தமிழ்த் தேடலில் நேர்ந்தவை

வேளாண் குறிப்புகளைத் தொகுத்து வைத்திருக்கும் எங்கள் வலைச்செயலியில், சர்வரின் துணையின்றி பிரவுசரிலேயே தேடுவதற்கு லன்ர் என்னும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியைப் பயன்படுத்தி வந்தோம். ஆலிவர் நைட்டிங்கேல் உருவாக்கிய இந்த லைப்ரரி, தான் சோலர் (Solr) என்னும் பெரிய தேடல் மென்பொருளைப் போன்றதென்றும், ஆனால் அதைவிட மிகச் சிறியதென்றும், அவ்வளவு பிரகாசம் இல்லாததென்றும் தன்னைப் பற்றியே கேலியாக அறிமுகம் செய்துகொள்ளும். எங்களிடம் இருந்தது அதன் முதலாம் பதிப்பு. தேடிய சொல் கட்டுரையில் எங்கெங்கே வருகிறது என்று வண்ணமிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. எந்தச் சொல் எந்த ஆவணத்தில் வருகிறது என்று குறித்து வைக்கும் பட்டியலான இன்டெக்ஸில், சொல்லின் இடத்தையும் சேர்த்து வைக்கும் வசதி 2017-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் இருப்பதால், 2.3.9-க்கு மாறினோம்.

நிரலில் செய்ய வேண்டிய மாற்றங்கள் அதிகமில்லை. இரண்டாம் பதிப்பில் இன்டெக்ஸை ஒருமுறை கட்டி முடித்துவிட்டால் பிறகு அதில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. ஆகவே ஆவணங்களைச் சேர்க்கும் வரிகள் அனைத்தையும் இன்டெக்ஸைக் கட்டும் பில்டருக்குள் நகர்த்தினோம். சொற்கள் இன்டெக்ஸில் சேருமுன் கடந்துவரும் பைப்லைனில் நாமே எழுதிச் சேர்க்கும் ஃபங்ஷன்களுக்கு முன்பு வெறும் எழுத்துச்சரம் வந்தது, இப்போது சொல்லோடு அதைப் பற்றிய விவரங்களையும் தாங்கிய டோக்கன் என்னும் ஆப்ஜெக்ட் வருகிறது. இவை அரை நாள் வேலை.

உண்மையான சிக்கல் முதல் சோதனையில் தெரிந்தது. ஆங்கிலச் சொற்கள் கிடைத்தன. தமிழில் எதைத் தேடினாலும் முடிவே இல்லை. இன்டெக்ஸை ஜேசன் (JSON) என்னும் உரை வடிவில் எழுதிப் பிரித்துப் பார்த்தபோது, சொற்பட்டியலின் முதல் பதிவாக ஒரு வெற்றுச்சரமும், அதன்கீழ் ஏறத்தாழ எல்லா ஆவணங்களும் இருந்தன. சொல்லின் இரு முனைகளிலும் ஒட்டியிருக்கும் நிறுத்தற்குறிகளை வெட்டும் டிரிம்மர், ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர்ந்த எதையும் நிறுத்தற்குறியாகவே கருதுவதால், தமிழ்ச் சொற்களை முழுதாக வெட்டிவிட்டிருந்தது. பழைய அமைப்பில் அதை நீக்கி வைத்திருந்தோம். புதிய பில்டர் தானாகவே அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. அதற்கு மாற்றாக, யூனிகோட் எழுத்து வகையோடு, உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அடங்கிய குறி வகையையும் ஏற்கும் ஒரு டிரிம்மரை எழுதினோம். எழுத்து வகையை மட்டும் ஏற்றால் 'பள்ளி'யின் கடைசி இகரக் குறியும் 'கடல்' என்பதன் புள்ளியும் வெட்டுப்பட்டுவிடும். அதோடு, கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இரண்டாகவும் தட்டச்சு செய்ய இயலுமாதலால், கட்டுரைகளையும் தேடுசொல்லையும் முன்கூட்டியே, இவற்றை ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி (NFC) என்னும் யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்தோம்.

இதற்குப் பின்னும் தேடல் பழையபடி இல்லை. 'வயல்வெளி' என்று தேடினால் 'வயல்வெளியில்' என்று எழுதிய கட்டுரைகள் வரவில்லை. 'நீர் மேலாண்மை' என்று தேடினால் இரண்டில் ஒன்று மட்டும் உள்ளவையும் வந்து குவிந்தன. முதலாம் பதிப்பு தேடுசொல்லை முன்னொட்டாகக் கொண்டு, அதில் தொடங்கும் சொற்கள் அனைத்தையும் தானாகவே விரித்துத் தேடியது. பல சொற்கள் இருந்தால் எல்லாம் உள்ள ஆவணங்களையே தந்தது. இரண்டாம் பதிப்பு இரண்டையும் கைவிட்டுவிட்டது. வேற்றுமை உருபுகள் சொல்லின் இறுதியில் ஒட்டும் தமிழுக்கு அந்த விரிவாக்கம், விகுதிகளை வெட்டிச் சொல்லை அடிவடிவத்துக்குக் கொண்டுவரும் ஸ்டெம்மர் இல்லாத குறையை இத்தனை காலம் சத்தமில்லாமல் ஈடுகட்டி வந்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஸ்டெம்மர் உண்டு என்பதால் இந்த மாற்றம் அங்கே பெரிதாக உறுத்தியிருக்காது.

ஆகவே தேடல் பெட்டியில் எழுதுவதை அப்படியே லைப்ரரிக்கு அனுப்பாமல், வினவலை நாங்களே கட்டத் தொடங்கினோம். ஒவ்வொரு சொல்லும், பின்னால் எது வந்தாலும் பொருந்தும் என்பதைக் காட்டும் நட்சத்திரக் குறியை இறுதியில் கொண்டு கட்டாயச் சொல்லாகவும், அதே சொல் முழு வடிவில் கூடுதல் மதிப்போடு விருப்பச் சொல்லாகவும் போகும். யாராவது 'பயிர்: நெல்' என்று தட்டினால், முக்காற்புள்ளிக்கு முன்னுள்ளதை ஆவணத்தின் ஒரு புலத்தின் (field) பெயராக எண்ணி லைப்ரரி பிழை எறிவதும் இதனால் நின்றது.

எஞ்சியது மெய்யெழுத்தின் புள்ளியால் வரும் சிக்கல். 'கடல்' என்பதும் 'கடலில்' என்பதும் முதல் மூன்று குறியீடுகளுக்குப் பின் பிரிந்துவிடுவதால், நட்சத்திரக் குறி இட்டாலும் பொருந்தாது. இறுதிப் புள்ளியை நீக்கிவிட்டுத் தேடினால் பொருந்தும். ஆனால் கூடவே கடலையும் வரும். வேளாண் தளத்தில் இது சின்ன விஷயமல்ல. எனினும் முழு வடிவத்துக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்திருப்பதால் நிலக்கடலைச் சாகுபடிக் குறிப்புகள் பட்டியலில் கீழே சென்றுவிடுகின்றன. மகர மெய்யில் முடியும் சொற்களில், அதை நீக்கியபின் மூன்று எழுத்தாவது மிஞ்சினால் மட்டும் நீக்குகிறோம்: 'திட்டம்' என்று தேடினால் 'திட்டத்தில்', 'திட்டங்கள்' இரண்டும் கிடைக்கும். 'மரம்' என்பதை அப்படியே விட்டிருக்கிறோம். அதை 'மர' என்று சுருக்கினால் மரபும் மரணமும் சேர்ந்து வருகின்றன.