ஆமைக்கு வேண்டிய இருட்டு

பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமை முட்டைப் பொரிப்பகத்துக்கு வருகிறவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஆமை போட்ட இடத்திலேயே முட்டையை விட்டுடலாமே, ஏன் தோண்டி எடுக்கிறீங்க?" நியாயமான கேள்வி. அந்த இடம் இருட்டாக இருந்தால் விட்டுவிடலாம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை ராத்திரியில் நீலாங்கரையிலிருந்து வடக்கே நடக்கிறோம். 1988-லிருந்து மாணவர்கள் இந்தக் கரையில் இப்படி நடந்துவருகிறார்கள். தேடுவது பங்குனி ஆமை என்கிற கடலாமையின் தடத்தை. ஏறி வந்த தடம் ஒன்று, திரும்பிப் போன தடம் ஒன்று, நடுவே மணல் கலைந்து கிடக்கும். அங்கே ஒரு கம்பை மெல்ல அழுத்திப் பார்ப்போம். சுற்றிலும் கெட்டியாக நிற்கிற கம்பு, குழிக்கு மேலே வந்ததும் சட்டென்று இறங்கும். அத்தோடு கம்பை வைத்துவிட்டுக் கையால்தான் தோண்ட வேண்டும். ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற பானைபோல் குழி. நூறு முட்டைக்கு மேலேகூட இருக்கும். விரல் பட்டால் ஓடு லேசாக அமுங்கும். முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் புரட்டினால் செத்துவிடும். அதனால் அவசரமும் உண்டு, நிதானமும் வேண்டும். தாய் தோண்டிய குழியின் ஈரமணலையும் கொஞ்சம் எடுத்துக்கொள்வோம். பொரிப்பகத்தின் வேலிக்குள் முட்டைகளை மறுபடி மணலில் புதைப்போம்.

மீனவர்கள் இல்லாமல் இந்த வேலை நடக்காது. "தம்பி, அந்தப் படகுக்குப் பின்னால தடம் கிடக்கு, பாத்தீங்களா?" என்று விடியலில் வலை இழுக்கப் போகிறவர் சொல்லித் தெரிந்த குழிகள் நிறைய.

ஆனால் என்னைக் கேட்டால், பொரிப்பகம் இரண்டாந்தர வழிதான். மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமைகிறது. சூடு கூடினால் பெண். எல்லாக் குழியின் முட்டைகளையும் ஒரே வேலிக்குள் வைத்தால் அந்த முடிவிலும் நாம் கை வைக்கிறோம். வேறு வழியில்லாமல்தான் செய்கிறோம். பொரிந்து வரும் குஞ்சு வெளிச்சமான பக்கம் போகும். ஆளில்லாத கரையில் அது கடல். இங்கே சாலை விளக்கும் கடை விளக்கும். அந்தப் பக்கம் போனால் நாய், வண்டிச் சக்கரம், விடிந்தால் காக்கை.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகுகள் இழுத்துப்போகிற இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். அந்த உடல்களைப் பார்த்த பிறகு ஒரு குழியைக்கூட விட மனம் வருவதில்லை.

இப்போது பகலில் கடலோர வீடுகளுக்குப் போய்ப் பேசுகிறேன். "திருட்டு பயம் தம்பி, விளக்கை எப்படி அணைக்கிறது?" என்றார் ஒரு அம்மா. அணைக்க வேண்டாம், வாசல் பக்கம் திருப்பி வையுங்கள் என்றேன். சரி என்று எலக்ட்ரீஷியனை வரச் சொன்னார். அந்த வீட்டுக்கு முன்னால் மணல் இப்போது இருட்டாக இருக்கிறது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இரண்டு விளக்குகள் இன்னும் கடலைப் பார்த்து எரிகின்றன. ஞாயிற்றுக்கிழமை அங்கே போக வேண்டும்.