"இன்ஜின் சுற்றவில்லை" என்று சீட்டு வந்தால்: டீசல் மெக்கானிக் செய்முறைத் தேர்வு அனுபவம்

ஐடிஐ டீசல் மெக்கானிக் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த சீட்டில் ஒரே வரிதான்: "செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றவில்லை. காரணம் கண்டுபிடிக்கவும்." செல்ஃப் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார். எதிரே நின்றது 697 இன்ஜின் போட்ட பழைய டாடா லாரி. ஸ்கேனர் மாட்டிக் கோளாறு படிக்கும் வண்டி இல்லை. கையும் காதும்தான் கருவி.

தேர்வாளர் முதலில் 697 என்றால் என்ன என்று கேட்டார். 6 சிலிண்டர், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 97 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 128 மில்லிமீட்டர், மொத்தம் 5,675 சிசி. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் டீசல் எரியும் வரிசை) 1-5-3-6-2-4. இதைத் தடுமாறாமல் சொன்னால் அடுத்த கேள்விகளைப் பதற்றமில்லாமல் சந்திக்கலாம்.

எனக்கு முன்னால் போன மாணவர் செல்ஃபை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, "பிஸ்டன் ஜாம், ஹெட்டைக் கழற்ற வேண்டும்" என்று எழுதிவிட்டார். பட்டறைகளிலும் இதே அவசரம் உண்டு. அதற்கான செலவு வண்டிக்காரர் தலையில் விழும். இன்ஜின் ஜாம் என்பது மற்றதெல்லாம் இல்லை என்று ஆன பிறகு எழுத வேண்டிய சொல். வெளியிலிருந்து உள்ளே போங்கள். ஒவ்வொரு படியிலும் எது இல்லை என்று தெரிந்ததோ, அதை உடனே தாளில் எழுதுங்கள்.

சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டேன். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், லைட் சட்டென்று மங்கியது. பேட்டரியை அளந்தேன், சார்ஜ் நிறைவாக இருந்தது. ஆகவே செல்ஃப் கரண்டை இழுக்கிறது, ஆனால் சுற்ற முடியவில்லை. கிளட்சை மிதித்துப் பார்த்தும் மாற்றமில்லை என்பதால் கியர்பாக்ஸைச் சந்தேகப்பட வேண்டியதில்லை என்று எழுதினேன். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்தேன். கையால் சுற்றும்போது யாரும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. தேர்வாளர் இதைக் கவனிப்பார்.

அடுத்ததுதான் இந்தச் சோதனையின் உயிர்: கிராங்க் புல்லி போல்ட்டில் பாக்ஸ் ஸ்பேனரும் நீளக் கம்பியும் போட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பது. சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதாது, எப்படி நிற்கிறது என்று கை உணர வேண்டும். கொஞ்சம் சுற்றி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சுவரில் முட்டியதுபோல் நின்றால் உள்ளே ஏதோ குறுக்கே இருக்கிறது: சிலிண்டரில் தண்ணீர், வளைந்த வால்வு, உடைந்த துண்டு. இரண்டு பக்கமும் இம்மிகூட அசையாவிட்டால் துரு, பேரிங், அல்லது செல்ஃப் பினியன் (ஃப்ளைவீலைச் சுற்றிவிடும் சிறு பல்சக்கரம்). சூடேறி நின்ற வண்டி ஆறிய பிறகு கனமாகச் சுற்றினால், பிஸ்டன் லைனரை (சிலிண்டரின் உட்சுவர்) கீறியிருக்க வாய்ப்பு அதிகம்.

என் இன்ஜின் அசையவே இல்லை. பெல்ட்டுகளைக் கழற்றினேன், ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்ப்பும் கையால் சுற்றின. அப்புறம் செல்ஃப் போல்ட்டுகளைத் தளர்த்தினேன். உள்ளே 'கிளிக்' என்று பினியன் விடுபட்டது. கம்பியை இழுத்தேன், இன்ஜின் சுற்றியது. பினியன் ஃப்ளைவீல் பல்லில் சிக்கியிருந்ததுதான் கோளாறு.

ஆனால் தேர்வு அங்கே முடியவில்லை. "செல்ஃபைக் கழற்றியும் சுற்றாவிட்டால்?" என்று கேட்டார். விடை அதற்கு முன்பே பட்டறையில் கிடைத்திருந்தது. நாமக்கல் பக்கம் ஒரு பட்டறையில் உதவிக்குப் போனபோது, பல மாதம் நின்ற லாரி ஒன்று வந்தது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தது. மேஸ்திரி அண்ணன் செல்ஃபைத் தொடவே விடவில்லை. "தண்ணிய அமுக்க முடியாதுடா தம்பி, ராடுதான் வளையும்" என்றார். பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைத்தான் சொன்னார். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு இன்ஜெக்டரையும் கழற்றிவிட்டு மெதுவாகக் கையால் சுற்றினோம். நாலாவது துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருந்தது. ஹெட்டை இறக்கிய பிறகு ஆறு பிஸ்டனும் மேலே வரும் உயரத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் ராடு வளைந்துவிட்டது என்று பொருள். அன்று எல்லாம் சமமாக இருந்தன. அதுவரை யாரும் செல்ஃபை அழுத்தாதது அந்த வண்டிக்காரரின் நல்ல நேரம்.

இன்ஜெக்டர் கழற்றியும் தண்ணீர் வராவிட்டால் துருவைச் சொல்லுங்கள். அந்தத் துளைகள் வழியே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, ஒன்றிரண்டு நாள் ஊறவிட்டு, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். கம்பியில் ஏறி மிதித்தால் போல்ட்தான் முறியும். அதற்கும் மசியாவிட்டால் ஆயிலை வடித்து சம்ப்பை (இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்ற வேண்டும். அடியில் மினுமினுக்கும் உலோகத் தூள் இருந்தால் பேரிங் பக்கம் போகலாம். பேரிங்கைப் பிடித்திருக்கும் கேப்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கொண்டே கிராங்க்கை அசைத்துப் பாருங்கள். எதைத் தளர்த்தும்போது விடுபடுகிறதோ, பிடித்திருந்தது அதுதான்.

படிக்கும்போது இந்த வரிசையை மனப்பாடம் செய்யாமல், பழைய இன்ஜின் ஒன்றில் நாலைந்து முறை கம்பி போட்டுச் சுற்றிப் பாருங்கள். கம்ப்ரஷன் இறுக்கம் கைக்குப் பழகியிருந்தால்தான் அதற்கும் அடைப்புக்கும் வித்தியாசம் தெரியும்.

கடைசியாக, செல்ஃபை மறுபடி மாட்டும் முன் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல் வளையமான ரிங் கியரைப் பார்க்கச் சொன்னார் தேர்வாளர். ஆறு சிலிண்டர் இன்ஜின் அணைக்கும்போது, கம்ப்ரஷன் எதிர்ப்பால் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் நிற்கும். செல்ஃப் பினியனும் அங்கேயே போய் இடித்து, அந்தப் பற்களை மட்டும் தேய்த்துவிடும். செல்ஃப் துளை வழியே பார்த்தபடி இன்ஜினை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். பல் மழுங்கிய மூன்று இடங்களிலும் சாக்பீஸால் குறியிட்டுக் காட்டினேன்.