ரெண்டு ஊருக்கும் நடுவுல ஹைவே பக்கத்துல மனை வாங்கின அனுபவம்

எனக்கு ஒரு ஊர்ல ஆபீஸ், வீட்டுக்காரருக்கு பக்கத்து ஊர்ல ஆபீஸ், அதனால ரெண்டுக்கும் நடுவுல ஹைவேல வர்ற புது லேஅவுட்ல ஒரு மனை வாங்கி வீடு கட்டலாம்னு இறங்கினோம். இதே கணக்கைப் போட்டுத்தான் எல்லா நாட்லயும் நடு ஊர்கள் வளருது. அமெரிக்காவுல ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவுல ஐ-35 ஹைவேல கைல்னு ஒரு சின்ன ஊர், 2010ல 28,000 பேர் இருந்த இடம் 2020 சென்சஸ்ல 45,000ஐத் தாண்டிடுச்சு. நாங்க பார்த்த இடமும் அந்த மாதிரிதான், நேத்து வரைக்கும் வயல், இன்னைக்கு வரிசையா கல்லு நட்டு கொடி கட்டியிருக்காங்க.

வேலைல இறங்கினதும் எனக்கு முதல்ல உறைச்ச விஷயம், நடுவுல இருக்குற இடம் பாதி விஷயத்துல ரெண்டு ஊருக்குமே சேராது. தண்ணி யார் தருவாங்கன்னு கேட்டா புரோக்கர் "ரெண்டு பக்கமும் லைன் வருது மேடம்"னு சொன்னார். நான் நேரா ரெண்டு ஊர் குடிநீர் ஆபீசுக்கும் போய் சர்வே நம்பரைக் காட்டி கேட்டேன், இவங்க எல்லை முன்னாடியே முடியுது, அவங்க எல்லை அதைத் தாண்டி ஆரம்பிக்குது, நடுவுல இருக்குறது போர் தண்ணி மட்டும்தான். சாக்கடையும் அப்படியே, பொது லைன் கிடையாது, செப்டிக் டேங்க் தான். அத்தனை வீட்டுலயும் போரும் செப்டிக் டேங்கும் பக்கத்துல பக்கத்துல வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால முழு லேஅவுட் பிளானையும் வாங்கி டேங்க் எங்க, போர் எங்க, பொதுவுல சுத்திகரிப்பு பிளான்ட்டுக்கு இடம் விட்டிருக்காங்களான்னு பார்த்தோம். ரெண்டு லேஅவுட்டை அங்கயே வேண்டாம்னு விட்டாச்சு.

அடுத்தது ரோடு அகலப்படுத்துற விஷயம், இதுல தான் நாங்க ரொம்ப நேரம் செலவு பண்ணோம், பண்ணவும் வேணும். ஹைவே ஆபீஸ்ல டிராயிங்கை மேஜை மேல விரிச்சு வச்சாங்க, இப்ப இருக்குற ரோட்டை கறுப்புக் கோட்டுலயும் வரப்போற எல்லையை சிவப்புப் புள்ளிக் கோட்டுலயும் போட்டிருந்தது. எங்களுக்கு காட்டின லேஅவுட்ல முன் வரிசை மனை எல்லாம் "ரோட்டுமேல, கமர்ஷியல் வேல்யூ"ன்னு கூடுதல் ரேட்டு, ஆனா அங்க இருந்தவர் ஸ்கேல் வச்சு அளந்து காட்டினப்ப அந்த சிவப்புக் கோடு முன் வரிசைல பாதி மனையை அறுத்துக்கிட்டு போகுது. லேஅவுட் பிரோஷர்ல அந்தக் கோடே இல்ல. பின் வரிசை தப்பிச்சது, ஆனா முன் வரிசை போயிட்டா நம்ம வீடு தான் ரோட்டோரம், அதையும் கணக்குல வச்சுக்கணும்.

ரோட்டுக்கு ஏறுற வழியையும் யாரும் கேக்குறதில்ல. மனை ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கு, வீட்டுக்காரர் போற திசை அந்தப் பக்கம், நடுவுல மீடியன், திறப்பு கிடையாது, சர்வீஸ் ரோட்டுல எதிர்த்திசைல கொஞ்ச தூரம் போய் மேம்பாலத்துக்கு அடியில திரும்பித்தான் வரணும். மேப்ல பக்கம்னு தெரியுறது காலைல பக்கமா இருக்காது. அந்த நேரத்துலயே வண்டியெடுத்துப் போய்ப் பார்த்துட்டு வந்தோம், ஞாயித்துக்கிழமை மத்தியானம் சைட் பார்க்குறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. ஒவ்வொரு வீட்டு கேட்டும் மெயின் ரோட்டுல நேரா திறந்தா ரோடே நின்னுடும், பிரிட்டன்ல இதைக் கட்டுப்படுத்த 1935லயே தனிச்சட்டம் போட்டாங்க, அதனால சர்வீஸ் ரோடு சுத்தா இருந்தாலும் அது இருக்குற இடத்தையே பாருங்க, நேரா மெயின் ரோட்டுல கேட் வைக்கிற மனை ஆபத்து.

சத்தம் கேக்க ராத்திரி போனோம். பகல்ல கார் சத்தம் ஒரே இரைச்சலா ஓடுது, பழகிடும், ஆனா நடு ராத்திரில லோடு லாரி இறக்கத்துல பிரேக் பிடிக்கிற சத்தம் நெஞ்சுல இடிக்குது. தூரம் ரெண்டு மடங்கானா ரோட்டுச் சத்தம் தோராயமா 3 டெசிபல் தான் குறையும், அதனால நாலு வீடு தள்ளி வாங்கினா போதும்னு நினைக்காதீங்க. புகையும் அப்படித்தான், பெரிய ரோட்டுல இருந்து 300 முதல் 500 மீட்டர் வரைக்கும் பாதிப்பு அதிகம்னு ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம் 2010ல அறிக்கை கொடுத்திருக்கு. எங்க பையனுக்கு வீசிங் இருக்கு, எங்களுக்கு இந்த ஒரு விஷயமே முடிவைப் பண்ணிடுச்சு, ஹைவேல இருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல உள்ள தள்ளித்தான் வாங்கினோம்.

"இன்னும் ரெண்டு லேன் போடப் போறாங்க, ரயிலும் வரப் போகுது"ன்னு சொல்லி விலையை ஏத்துறவங்க கிட்ட ஜாக்கிரதை. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல கேட்டி ஃப்ரீவேங்கிற ஹைவேயை 2008ல சர்வீஸ் ரோடு லேனையும் சேர்த்து சில இடத்துல 26 லேன் வரைக்கும் அகலமாக்கினாங்க, சில வருஷத்துல பீக் அவர் நெரிசல் திரும்ப வந்துடுச்சு, இடம் கிடைச்சதும் புது வீடுகளும் புது வண்டிகளும் வந்து ரொப்பிடுது. நான் மேல சொன்ன ஆஸ்டின் – சான் அன்டோனியோ நடுவுல கூட லோன் ஸ்டார் ரெயில்னு பயணிகள் ரயில் பல வருஷம் பேசிப் பேசி 2016ல கைவிட்டாங்க. அதை நம்பி இடம் வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும். அதனால இன்னைக்கு ஓடுற பஸ்ஸுக்கும் இன்னைக்கு இருக்குற ரோட்டுக்கும் மட்டும் விலை கொடுக்கலாம்னு முடிவு பண்ணி அதுக்கு மேல ஏறவே இல்ல.

பத்திரம், வில்லங்கம், லோன் எல்லாம் வக்கீல் பார்த்துக்கிட்டார், அதுல பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. இப்ப வீடு கட்டி குடி வந்தாச்சு, தண்ணி எங்க லேஅவுட்டோட பொது போர்ல இருந்து வருது, கழிவுத் தண்ணிக்கு பொது பிளான்ட் ஓடுது. பஸ் தான் பாக்கி, ரெண்டு ஊர் பஸ்ஸும் அவங்கவங்க எல்லையோட திரும்பிடுது, எங்க ஸ்டாப்புக்கு ரெண்டுமே வரலை. அக்கம்பக்கத்து லேஅவுட்காரங்களோட சேர்ந்து யார் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வேலைக்குப் போறாங்கன்னு வீடு வீடா கணக்கெடுத்து ரெண்டு ஊர் பஸ் ஆபீஸ்லயும் ஒரே மனுவைக் கொடுத்திருக்கோம், காலைல ஒரு பஸ்ஸையாவது எல்லை தாண்டி விட்டுப் பாருங்கன்னு கேட்டிருக்கோம்.