அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் தண்டர் எக் கல் தோண்டப் போகிறவர்களுக்கு

கடையில் பளபளவென்று அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மண்ணில் கிடக்கும் தண்டர் எக் அழகாகவே இருக்காது. சொரசொரப்பான, பழுப்பு நிறக் கரடுமுரடு உருண்டை. அதன் உள்ளேதான் நட்சத்திர வடிவில் அகேட் என்ற ஒளி ஊடுருவும் வரிக்கல் உறைந்திருக்கும். ரயோலைட் என்ற எரிமலைப் பாறையில் உருண்டைகள் உருவாகி, உள்ளே விரிசல் விட்டு, அந்த வெற்றிடத்தில் நிலத்தடி நீர் கொண்டுவந்த சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) படிப்படியாக நிரம்பியதன் விளைவு அது. 1965இல் ஆரிகன் இதைத் தன் மாநிலக் கல்லாக அறிவித்தது.

புதியவர்களுக்கு என் சிபாரிசு, பிரைன்வில் ஊருக்குக் கிழக்கே ஒச்சோக்கோ தேசிய வனத்தில் உள்ள வைட் ஃபிர் ஸ்பிரிங்ஸ். அங்கே அகேட்டைவிட, ஒளி ஊடுருவாத ஜாஸ்பர் கல் நிரம்பியவையே அதிகம். செம்மண் நிறமும் மஞ்சளும் கலந்தவை எனக்குப் பிடிக்கும். பிரைன்வில்லுக்குப் பக்கத்திலுள்ள ஓர் ஊரின் பெயர் மெட்ராஸ். நம் ஊர்க்காரர் யாரும் சிரிக்காமல் அந்தப் பலகையைக் கடந்ததில்லை!

குளிர்காலத்தில் பனி மூடிவிடும்; கோடையில் போங்கள். கடப்பாரை, சிறு மண்வெட்டி, சுத்தியல், கண்ணுக்குக் கண்ணாடி போதும். கிளம்பும் முன் பிரைன்வில் வன அலுவலகத்தில் அனுமதி, அளவு விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே சிதறிக் கிடப்பவை பெரும்பாலும் பிறர் உடைத்துப் போட்ட சில்லுகள். உருண்டையைச் சுத்தியலால் அடிக்காமல் வைரப்பல் ரம்பத்தில் அறுக்கக் கொடுங்கள். மரத்தின் வேரடியைக் குடையாதீர்கள், குழியை மூடிவிட்டு வாருங்கள். திறந்து கிடக்கும் குழியைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.