பளையில் சுழலும் கச்சான்

ஆடி மாதத்தில் மட்டக்களப்புக் கல்லடியில் முற்பகலிலேயே கச்சான் காற்று எழும்பிவிடும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, எங்கள் பக்கம் வறண்டு சூடேறி வருவதால், அதைத் திட்டாத நாள் எங்கள் வீட்டில் இல்லை. சென்ற ஆண்டு யாழ்ப்பாணத்துக் கல்யாணம் ஒன்றுக்குப் போகும் வழியில், அதே காற்று மின்சாரமாவதைப் பார்க்கவென்று, ஆனையிறவு தாண்டியதும் பளையில் வேனை நிறுத்தச் சொன்னேன். சாரதிக்கு அது பிடிக்கவில்லை.

கடனீரேரிப் பக்கமாக 10 மெகாவாட் வீதம் இரண்டு காற்றாலை நிலையங்கள் இங்கே இயங்குகின்றன. மலை எதுவும் மறிக்காத தட்டை நிலம். கோபுரம் ஒன்றின் நீண்ட நிழலில் ஆடுகள் வரிசையாகப் படுத்திருந்தன. நிழல் நகர, எழுந்து அடுத்த இடத்தில் படுத்தன. தலைக்குமேல் இறகு கடக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்த 'உஷ்' என்ற இரைச்சலை அவை பொருட்படுத்தவேயில்லை.

காற்று இறகைத் தள்ளிச் சுழற்றுகிறது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். உண்மையில் விமானச் சிறகைப் போல வளைத்துச் செய்த இறகின் இரு பக்கங்களிலும் காற்றழுத்தம் வேறுபடுவதால் எழும் விசையே அதை இழுத்துச் சுற்றுகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள வலு எட்டு மடங்காகும் என்பதால்தான், பனைகளும் பற்றைகளும் வேகத்தைக் குறைக்கும் நிலமட்டத்தை விட்டு, கோபுரத்தை இவ்வளவு உயர்த்துகிறார்கள். ஆயினும் அந்த வலுவில் 59 வீதத்துக்கு மேல் எந்த இறகாலும் எடுக்க முடியாது. முழுவதையும் எடுத்தால் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்னால் வரும் காற்றுக்கு வழியிராது. உச்சியிலுள்ள கூட்டுக்குள் இருப்பது மின்பிறப்பாக்கி. காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானியும் காற்றுத் திசைகாட்டியும் தரும் கணக்கைக் கொண்டு, கூடு தானாகவே காற்றை நோக்கித் திரும்பும். புயல்வேகம் வந்தால் இறகுகள் விளிம்பைக் காட்டி நின்றுவிடும்.

தேநீர்க் கடைக்காரரிடம் கச்சானைப் பற்றிச் சொன்னேன். "அது உங்கட ஊரிலை, தம்பி. இஞ்சை இது சோழகம். பங்குனி, சித்திரையிலை வந்து பாருங்கோ, விசிறி பேசாமல் நிக்கும்" என்றார்.

வேனுக்குத் திரும்பியபோது, பூமாலைப் பெட்டியை மணல் படாமல் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்திருந்த பெரியம்மா கேட்டார்: "நம்மட ஊர்ல இல்லாத காத்தா மகன் இது?"