அம்மாவிடம் பரீட்சை வைப்பதை நிறுத்திய பிறகு

அம்மாவுக்கு அல்சைமர் நோய் என்று மருத்துவர் சொன்ன பிறகு ஏறக்குறைய ஓராண்டு காலம், நான் அவரிடம் நாள்தோறும் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன். காலையில் தேநீரைக் கையில் கொடுத்தவுடன் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பேன், மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்களும் படியேறியதும் ஏறாததுமாக "என்னை ஆரெண்டு தெரியுதா?" என்றே தொடங்குவார்கள். அம்மா சிரித்துச் சமாளிப்பார். பிறகு சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி அறைக்குள் போய்விடுவார். மூளைக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்றே நான் நம்பியிருந்தேன்.

அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை பற்றி வாசித்தபோதுதான் என் தவறு விளங்கியது. உளவியலாளர் ஐமி ஸ்பெக்டரும் அவருடைய சகாக்களும் இங்கிலாந்தில் உருவாக்கிய இம்முறையில், நோய் முற்றாத நிலையில் உள்ளவர்கள் சிறு குழுவாகக் கூடி, வாரத்துக்கு இருமுறை 45 நிமிடம் வீதம், ஏழு வாரங்களில் 14 அமர்வுகளில் உணவு, பாட்டு, பணம், சிறுவயது என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொருளைப் பற்றிப் பேசியும் தொட்டும் முகர்ந்தும் பழகுகிறார்கள். 201 பேரைக் கொண்டு நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், பங்குபற்றியவர்களின் அறிவாற்றலும் வாழ்க்கைத் தரமும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தன. அழிந்த நரம்புக் கலங்களை இது மீட்டுத் தருவதில்லை. எஞ்சியிருக்கும் ஆற்றலைப் புழக்கத்தில் வைத்திருக்க முயல்கிறது. சென்னையில் தமிழ் பேசும் முதியோருக்கு ஏற்றவாறும் இதனை அமைத்திருக்கிறார்கள்.

இதன் விதிகளுள் ஒன்று என்னை உலுக்கியது: தகவலைக் கேட்காமல் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கு ஒரேயொரு சரியான விடைதான் உண்டு. அந்த விடையைச் சேமிக்கும் பகுதியைத்தான் இந்நோய் முதலில் தாக்குகிறது. எது பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்ற கேள்விக்கோ பிழையான விடையே இல்லை.

ஆகவே ஒருநாள் மணலை மீனும் கொஞ்சம் இறாலும் வாங்கிவந்து, சட்டியோடு அம்மாவின் முன்னால் வைத்து, வாவி மீன் ருசியா கடல் மீன் ருசியா என்று கேட்டேன். அம்மா ஒரு மீனை எடுத்துச் செவுளை விரித்துப் பார்த்தார், முகர்ந்தார். "வாவி மீன்தான் மகள். மாங்காய் போட்டு ஆணம் வச்சாத் தெரியும்" என்றார். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் தன் தாய் சமைத்த விதம், அடுப்புக்கு எந்த விறகு நல்லது என்று அவர் சொல்லிக்கொண்டே போக, கைகள் தாமாகவே செதிலைச் சுரண்டத் தொடங்கியிருந்தன. அன்றைய கிழமை அவருக்குத் தெரிந்திருக்காது. அதை நான் கேட்கவுமில்லை.

குழுவில்லாமல் வீட்டிலேயே பராமரிப்பவரோடு செய்வதற்கும் ஒரு வடிவம் உண்டு: வாரத்துக்கு மூன்று முறை, 30 நிமிடம், 25 வாரங்கள். 2015இல் வெளியான அதன் ஆய்வு முடிவுகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். நோயாளிகளின் அறிவாற்றலில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை, ஆனால் தம்மைப் பராமரிப்பவரோடு உள்ள உறவு மேம்பட்டதாக அவர்கள் உணர்ந்தார்கள். எனக்கு அது சிறிய பலனாகத் தோன்றவில்லை. குழுவாகச் செய்வதற்கே வலுவான சான்று இருப்பதால், நமது ஊர் முதியோர் சங்கங்கள் இதனைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நாளைக்குச் சின்னம்மா பாய் இழைக்கும் பன் புல் ஒரு கட்டுக் கொண்டுவருகிறார். பாய்க்குச் சாயம் போட்ட பன் அழகா, போடாத பன் அழகா என்று அம்மாவிடம் கேட்க இருக்கிறேன்.